புற்றுமண்ணும் ஊசிமருந்தும்

சிவன் கோயில்களிலே பைரவர் நிற்கிறார். அவருக்குப் பின்னே கல்லில் செதுக்கிய நாய் ஒன்றும் நிற்கிறது. அந்த நாய்க்கு எண்ணெய் முழுக்கு உண்டு, மாலை உண்டு, தேய்பிறை அட்டமியில் படையலும் உண்டு. அதே கோயிலின் மதிலோரத்திலே, எலும்பும் தோலுமாய், சொறி பிடித்த முதுகோடு, உயிருள்ள நாய் ஒன்று சுருண்டு கிடக்கிறது. வழிபாடு முடித்து வெளியே வருகிற பக்தர் அதைக் கண்டதும் குனிகிறார். வணங்குவதற்கு அல்ல, கல்லெடுப்பதற்கு! கல்லாய் நின்றால் கடவுளின் ஊர்தி. உயிரோடு நடந்தால் உதைபட வேண்டிய சனியன்! பூனையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பசிக்கு எலி தேடித் தெருவைக் கடக்கிறது அது. பெண் பார்க்கப் புறப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பி விடுகிறார். அவருக்குப் பெண் அமையாததற்கும் அந்தப் பூனையே பொறுப்பு!

நான் வாழும் ஊர் சங்கரன்கோவில். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்னும் இரண்டு நாக அரசர்கள் வழக்காடினார்களாம்; இருவருக்கும் பாதிப் பாதி உடலாய்க் காட்சி தந்து வழக்கு தீர்ந்ததாம். அந்தக் கதையின் தொடர்ச்சியாகவே இங்கே புற்றுமண் வழங்கப்படுகிறது. நெற்றியில் இடுவார்கள், சொறி, சிரங்குக்குப் பூசுவார்கள், நச்சுக்கடிக்கும் அதுவே மருந்து என்று நம்புவோர் இன்றும் உண்டு. மண் நெற்றியில் இருக்கும் வரையில் எவருக்கும் கேடில்லை. நானும் சண்டைக்கு வரவில்லை. நாய் கடித்த புண்ணின் மேல் அது ஏறும்போதுதான், எமன் என்றொருவன் இருப்பானாகில், கைகொட்டிச் சிரிப்பான்.

கோயிலுக்கு அப்பால் இந்த ஊருக்கு வேறொரு முகம் உண்டு. மல்லிகைச் சந்தையின் முகம், விசைத்தறிகளின் முகம். இரவிலும் தறியோட்டி, காதிலே கடகட ஒலி நிற்காத நிலையில், நடந்தோ மிதிவண்டியிலோ வீடு திரும்புகிற உழைப்பாளியின் முகம். அவனுக்கும் தெருநாய்க்கும் பகை மூளுவது அந்த நேரத்தில்தான். காரில் போகிறவரை நாய் கடிப்பதில்லை, குரைப்பதோடு சரி.

எங்கள் தெருவிலே சில இளைஞர்கள் தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் அன்றாடம் சோறு வைத்து வந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பத்தும் இருபதும் போட்டார்கள். இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் மிச்சத்தைக் கொடுத்தார். வடித்த சோற்றோடு அதைக் கலந்து வைத்தார்கள். புண்ணியம் தேடி அல்ல, கண்முன் கிடந்த பசியைப் பொறுக்காமல். நல்லது என்றே நானும் எண்ணினேன். ஒருநாள் விடியற்காலை, தறிக்கூடத்திலிருந்து திரும்பிய தொழிலாளி ஒருவரை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்திருந்தது. வீட்டார் முதலில் செய்த மருத்துவம் புற்றுமண்ணும் சுண்ணாம்பும். செய்தி கேட்டு ஓடிய இளைஞர்கள் குழாயடியில் அவரை உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காலைக் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். வழியிலே அவர் ஒன்று கேட்டார்: "ஏ தம்பி, சோறு போடுதது நீங்க; கடி வாங்குதது நாங்களா?"

அந்தக் கேள்விக்கு, இரக்கத்தைப் பற்றி ஆயிரம் சொற்பொழிவு ஆற்றினாலும் விடையாகாது. சோறு மட்டும் போட்டால் என்ன ஆகும்? தின்ற நாய் குட்டி போடும். கருவுற்ற இரண்டு மாதத்தில் ஈனும். ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். ஒவ்வொரு முறையும் நான்கு, ஐந்து, ஆறு. அவற்றில் பாதி சக்கரத்தில் நசுங்கும். மீதி பசியோடு பெருகும். பூனையும் இதில் பின்தங்கியதன்று. தடுப்பூசி காணாத கூட்டம் பெருகப் பெருக, வெறிநோய் புகுவதற்கு வாசல் அகலத் திறக்கும். அந்த நோய் சாதாரணமானதா? கடிவாயில் நுழைந்த நச்சுயிரி நரம்பு வழியே மூளைக்கு மெல்ல மெல்ல ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். சில வேளை ஒரு வாரத்திலும், அரிதாய் ஓராண்டு கழித்தும் அது தலைகாட்டும். தண்ணீரைக் கண்டு நடுங்கும் நிலை வந்துவிட்டால், பிறகு மீட்பு என்பது ஏறக்குறைய இல்லை. உலகில் ஆண்டுக்கு 59,000 பேர் இந்நோயால் மாள்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மாள்வோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர். தமிழ்நாட்டில் 2024-ல் நாய்க்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர்; வெறிநோயால் இறந்தோர் 43 பேர். அந்த 43 பேரும் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள். 1885 ஜூலை 6 அன்று, ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போட்ட நாளிலிருந்து இந்தச் சாவுக்குத் தடை உண்டு. நமது குன்னூரிலேயே 1907-ல் பாஸ்டர் நிலையம் எழுந்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் அச்சுறுத்திய பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. 2004-ம் ஆண்டின் முடிவோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது. இன்று அரசு மருத்துவமனையில் புயத்திலே சிறு ஊசி. கடிபட்ட அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். காயம் ஆழமானால் அதைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும். காசு இல்லை. இருந்தும் சாகிறார்கள் என்றால், மருந்தை எட்டவிடாமல் மறித்து நிற்பது எது? மண்ணும் மந்திரமும் "சின்னக் கீறல்தானே" என்ற அசட்டையும்தான்.

"கொன்று தொலைத்தால் தீராதோ?" என்பார் உண்டு. சென்னை மாநகராட்சி அதைத்தான் செய்து பார்த்தது. ஒன்றிரண்டு ஆண்டல்ல, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக! பிடித்தார்கள், மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் மாண்டன. நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. காரணம் மாயமன்று. குப்பைமேடு அப்படியே இருக்கிறது, அதைக் காத்து நின்ற நாய் போனால், அடுத்த தெரு நாய் அங்கே வருகிறது, உணவு மிகுதி, போட்டி குறைவு, குட்டிகள் பிழைக்கின்றன. தடுப்பூசி போட்ட பழைய நாயை இழந்து, போடாத புதிய நாயைப் பெறுகிறோம். இதற்குப் பெயர் ஒழிப்பா?

இதை முன்கூட்டியே உணர்ந்து சொன்னவர்கள் அதே சென்னையில் இருந்தனர். விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தியாகராய நகரில் தம் வீட்டையே புகலிடமாக்கித் தொடங்கியது புளூ கிராஸ். மாளிகையில் பிறந்த கழகம் அன்று. ஒரு குடும்பத்தின் முற்றத்தில் பிறந்தது. 1964-ல் அவர் மகன் சின்னி கிருஷ்ணாவும் தோழர்களும் மாநகராட்சியிடம் கூறினர்: "கொல்லாதீர்கள்; கருத்தடை செய்யுங்கள், ஊசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள்" என்று. மாநகராட்சி எப்போது இசைந்தது தெரியுமா? 1996-ல்! முப்பத்திரண்டு ஆண்டு! ஒரு நல்ல யோசனை அலுவலகப் படியேறி இறங்க இத்தனைக் காலம். அதன்பின் 2001-ல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. 2023-ல் அவை புதுப்பிக்கப்பட்டன.

எங்கள் தெரு இளைஞர்கள் அந்தக் கேள்விக்குப் பின் சோறு வைப்பதை நிறுத்தவில்லை. அதன் பொருளை மாற்றினார்கள். நாள்தோறும் ஒரே கையால், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உண்ணும் நாய் அந்தக் கைக்கு அஞ்சாது; சுருக்குக் கம்பியும் ஓட்டமும் இன்றி அதைத் தூக்கலாம்; ஊசி போடலாம்; அறுவைக்கு அனுப்பலாம். பள்ளி வாசலில் வைத்த சோறு ஆளில்லாத மூலைக்கு நகர்ந்தது. அறுவை முடிந்து காயம் ஆறிய நாயின் காதோரத்தில் சிறு வெட்டு இருக்கும். பார்த்தவர் அறிந்துகொள்ளும் அடையாளம் அது. எது முடிந்தது, எது மீதி என்று பள்ளிப் பிள்ளைகளே கணக்குச் சொல்கிறார்கள். வண்டிக் கூலிக்கும் மருந்துக்கும் பணம் போதவில்லை. அது வேறு கதை. எந்த நற்பணிக்குப் போதியது?

இதற்கு எதிர்ப்பு வந்த திசைகள்தாம் வேடிக்கை. அன்றாடம் நாய்க்கு பிஸ்கட் போடும் பெரியவர் ஒருவர், "கருவை அறுப்பது மகாபாவம், படைத்தவன் செயலில் கை வைக்கலாமா?" என்றார். இந்தக் குரலை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 1930-களில் பெரியார் கருத்தடையைப் பற்றி வெளிப்படையாக எழுதியபோதும் எழுந்தது இதே கூக்குரல். பெண் தன் விருப்பால் தேர்வது வேறு. வாயற்ற விலங்குக்கு நாம் செய்வது வேறு. இரண்டையும் ஒரு தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் எதிர்த்தவரின் வாதத்திலே ஒரு சொல்லும் மாறவில்லை. பெரியவருக்கு வேண்டியது நாயின் நலமா, தம் கணக்கில் ஏறும் புண்ணியமா?

மற்றொரு எதிர்ப்பு நம்மவரிடமிருந்தே வந்தது, அது மதிக்கத்தக்கது. "மனிதனுக்கு நீதி கிடைக்காத நாட்டில் நாய்க்குப் பணி செய்வதா? நாய் நடந்த தெருவில் மனிதனை நடக்க விடாத நாடு இது!" என்றார் ஒரு தோழர். உண்மை. 1924-ல் வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாயும் பன்றியும் உலவின. ஈழவரும் புலையரும் நடக்கலாகாது. அதை எதிர்த்துப் பெரியார் சிறை சென்றார். ஆனால் அந்த வாதத்தின் கூர்மை எங்கே இருந்தது? நாயையும் விரட்டு என்பதிலா? மனிதனை நடக்கவிடு என்பதில்! தெரு எல்லோருக்கும் உரியது என்ற வழக்கை வென்றவர்கள், அந்தத் தெருவில் தறித்தொழிலாளி அச்சமின்றி நடக்க வழி செய்ய வேண்டாமா? கடிபட்டுச் சாகிறவன் எவன்? திண்ணையில் உறங்குபவன், குப்பை பொறுக்கும் சிறுவன், ஊசிக்குப் போனால் அன்றைய கூலி போகுமே என்று தயங்குபவன். இது நாய்ப்பணி என்று எவர் சொன்னார்?

அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு குடிமக்களின் கடமைகளைச் சொல்கிறது. உயிர்களிடம் இரக்கம் கொள்வது ஒரு கடமை. அதற்கு அடுத்த வரியிலேயே அறிவியல் மனப்பான்மையும் சீர்திருத்த உணர்வும் கடமை. இவற்றைச் சேர்த்தது 1976-ம் ஆண்டுத் திருத்தம். நெருக்கடிக் காலத்தில் வந்தது. அந்த ஆண்டின் கசப்பை நாம் மறந்தவர்கள் அல்லர். எனினும் அடுத்தடுத்து அமைந்த அந்த இரு வரிகள் எனக்குப் பிடிக்கும். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லியின் தெருநாய்களை எல்லாம் அள்ளிக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22-ம் நாள் அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடித்து, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றி, அங்கே திரும்ப விடாதே என்றது. வாதம் நடக்கட்டும். கோவாவில் 2013 முதல் வீடுவீடாய், தெருத்தெருவாய் நாய்களுக்கு ஊசி போட்டு, பள்ளிகளில் பாடம் நடத்தி, 2021-ல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பதே அவர்கள் பிடித்த கணக்கு.

கருத்தடை செய்வதும் ஊசி போடுவதும் சட்டப்படி உள்ளாட்சியின் வேலை. இளைஞர்கள் உண்டியல் குலுக்கிச் செய்ய வேண்டியது அன்று. ஆகவே வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும்: அறுவைக் கூடம் எங்கே, கூண்டு எத்தனை, பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் யார், இந்த ஆண்டு எத்தனை நாய்க்கு ஊசி போட்டீர்கள், குப்பை ஏன் இன்னும் தெருமுனையில் கிடக்கிறது என்று. ஆடித்தபசுக்கு முன்னால் மற்றொரு வேலையும் உண்டு. மக்கள் திரளாய் வருவார்கள். புற்றுமண் வாங்கிப் போவார்கள். அவர்கள் போகிற வழியெல்லாம் இரண்டு வரி எழுத வேண்டும்: "நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவு. உடனே அரசு மருத்துவமனைக்குப் போ." சுண்ணாம்பும் காவியும் வாங்கியாயிற்று. சுவர் தருவதாக இரண்டு வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவர் பைரவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.