பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்



போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததல்லவா? அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகனின் பெண், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு நிற்கிற படம். அதைப் பார்த்துவிட்டு ஆறு பேர் போன் செய்தீர்கள். "டீச்சர், அது இன்னும் பதினோராவதுதானே படிக்குது, அதுக்குள்ள எப்படி காலேஜ்?" ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே அதற்கு டூயல் என்ரோல்மென்ட் என்று பெயர். ஒரே பிள்ளையின் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் இருக்கும், கல்லூரிப் பதிவேட்டிலும் இருக்கும். பக்கத்துக் கல்லூரியில் ஒரு பாடம் எடுத்துத் தேறினால், அந்த மதிப்பெண் பள்ளிப் படிப்புக்கும் சேரும், பின்னால் பட்டப்படிப்புக்கும் சேரும். 1985-இல் மின்னசோட்டா மாநிலம் இதற்குச் சட்டம் போட்டது. இப்போது வருஷத்துக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் இப்படிப் படிக்கிறார்கள். கல்லூரிச் செலவு அங்கே குடும்பத்தையே கடனில் தள்ளும். இரண்டு மூன்று பாடத்தை முன்னாலேயே முடித்தால் அப்பனுக்கு அந்த அளவு மிச்சம்.

"நம்ம ஊரில் இது உண்டா?" என்பது அடுத்த கேள்வி. அப்படியே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் என் பழைய கதை கொஞ்சம்.

நான் படித்த காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. அது முடிந்ததும் நேரே கல்லூரிக்குள் போய் ஒரு வருஷம் பி.யூ.சி. படிக்க வேண்டும். 1978-இல் பிளஸ் டூ வந்து அந்த முறையை எடுத்துவிட்டது. இன்றைக்குப் பன்னிரண்டாவது படிக்கிற வயதில் நாங்கள் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகமே 1985-இல் வந்ததுதான். எங்களுக்குத் தேர்வு எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகம்.

நான் தமிழ் வழியில் படித்தவள். முதல் வாரம் இயற்பியல் வகுப்பில் புரபசர் 'மொமென்டம், மொமென்டம்' என்று ஒரு மணி நேரம் பேசினார். அது எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்த 'உந்தம்' என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. கணக்கு தெரியும், விதி தெரியும், பெயர் தெரியவில்லை. கேட்கவும் பயம். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த என்னைப் போன்ற பலர் அந்த வருஷம் தேறவில்லை. நன்றாகப் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு முறை தவறினதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளை. நான் எப்படியோ கரையேறி ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டேன்.

இப்போதும் நம் பிள்ளைகளுக்கு அதே அடி விழுகிறது, ஒரு வருஷம் தள்ளி விழுகிறது, அவ்வளவுதான். பன்னிரண்டாவதில் தொண்ணூறு சதவீதம் வாங்கின பிள்ளை, கல்லூரி முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் அரியர் வைத்துக்கொண்டு வந்து திண்ணையில் தலை குனிந்து உட்காருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். கல்லூரி எப்படிப் பேசும் என்று அதற்கு யாரும் முன்கூட்டிக் காட்டவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் ஒரு பட்டப்படிப்பை இணையவழியில் நடத்துகிறது. 2020-இல் அறிவித்தார்கள். இப்போது நான்கு வருஷ பி.எஸ். பட்டம். ஜே.இ.இ. எழுத வேண்டாம். பதினோராவது முடித்த பிள்ளையும் விண்ணப்பம் போடலாம், எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரம் பாடம் அனுப்புவார்கள்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை. வாராவாரம் பயிற்சி செய்து அனுப்ப வேண்டும். அதில் ஓரளவு மதிப்பெண் வந்தால்தான் தேர்வு. தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது. தேறினால் இடம் உறுதி, பன்னிரண்டாவது முடித்ததும் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்தபின் சாதி, குடும்ப வருமானம் பார்த்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. வேறு கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் யு.ஜி.சி. அனுமதி கொடுத்துவிட்டது.

அமெரிக்காவில் போல இந்த மதிப்பெண் பள்ளிக் கணக்கில் சேராது. பள்ளியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்பு வரை எல்லாவற்றையும் ஒரே கிரெடிட் கணக்கில் கொண்டுவர 2023-இல் மத்திய அரசு ஒரு கட்டமைப்பு போட்டிருக்கிறது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். பெயர் வேண்டாம். அப்பா நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறாள். வருஷ ஆரம்பத்தில் இந்தத் தகுதிப் பாடத்துக்குச் சேர்ந்தாள். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் என் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்ப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணினிச் சிந்தனை என்றதும் எனக்கு உதறல்தான். பார்த்தால் மளிகைக் கடை ரசீதுகளை வைத்துக்கொண்டு, எந்தக் கடையில் யார் அதிகம் வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணச் சொல்கிறார்கள். இதைத்தானே நம் அண்ணாச்சி கடையில் தினம் செய்கிறார் என்று இருவரும் சிரித்தோம். புரியாத இடத்தில் வீடியோவை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மறுபடி ஓடவிட்டாள். எனக்கு அந்தக் காலத்தில் புரபசரை நிறுத்த முடிந்ததா?

தேர்வில் சில மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். புள்ளியியல் காலை வாரிவிட்டது. மறுநாள் வந்து சொன்னாள்: "போயிடுச்சு டீச்சர். ஆனா அவங்க பேசறது இப்ப புரியுது." இதற்காகத்தான் நான் இதைத் தூக்கிப் பிடிக்கிறேன். எங்கள் காலத்தில் தவறினால் படிப்பே போயிற்று. இவள் தவறியதால் பள்ளியில் ஒன்றும் குறையவில்லை. இதை மறுபடி எழுதலாம்.

அவள் அப்பாவுக்கு வேறு கவலை. "டீச்சரம்மா, இதுல புத்திய விட்டு பன்னெண்டாவதுல மார்க் கொறஞ்சா சென்டாக்ல என்ன கெடைக்கும்?" நியாயமான கேள்வி. நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025-இல்தான் நம் பிள்ளைகள் முதல் முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். அதுவே புதுச் சுமை. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு வரை பள்ளிப் பாடம் மட்டும். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, மறுபடி எழுதுவதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். அப்பாவும் ஒத்துக்கொண்டார். அரை மனசுதான்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. பத்தாவது கணக்கே தடுமாறுகிற பிள்ளையை இதில் தள்ளாதீர்கள். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், பதினோராவது முடித்த கோடை விடுமுறைதான் சரியான நேரம். "என் பையன் ஐ.ஐ.டி." என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்வதற்காகவும் வேண்டாம். இதற்கும் கோச்சிங் என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சும்மா ருசி பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு ஸ்வயம் தளத்தில் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. எனக்குப் புள்ளியியல் வராது. ஆசிரியர் பயிற்சியில் சராசரி, இடைநிலை, முகடு வரைதான் படித்தேன். உங்களில் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வீடியோ காலில் வந்து, தமிழில் சந்தேகம் தீர்த்துவைக்க இரண்டு பேர் போதும். இந்தப் பெண்ணோடு இன்னும் நான்கு பிள்ளைகள் வரத் தயார், எல்லாம் பதினோராவது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் ஊருக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.

இன்னொன்று. பதினோராவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு எட்டு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் சென்னை ஐ.ஐ.டி. நடத்துகிறது, ஸ்கூல் கனெக்ட் என்று பெயர். அதில் பிள்ளை தனியாகச் சேர முடியாது, முதலில் பள்ளி பதிவு செய்ய வேண்டும். உங்களில் இரண்டு பேர் இப்போது தலைமை ஆசிரியர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வாரம் நானே நேரில் வருகிறேன், படிவத்தை எடுத்து வையுங்கள்.

வர முடிந்தவர்கள் போன் செய்யுங்கள். ராத்திரி ஒன்பதுக்குள் செய்யுங்கள், அதற்குமேல் நான் தூங்கிவிடுவேன்.