வீடு கட்டப் போகிறீர்களா? ஒரு நாள் முட்டுக்காடு போய் வாருங்கள்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் முட்டுக்காடு. படகு சவாரிக்காகத்தான் பலருக்கும் இந்த ஊரைத் தெரியும். இதே ஊரில், 10 ஏக்கர் பரப்பில் இருக்கிறது தட்சிணசித்ரா. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள், கல்யாண போட்டோ எடுக்க வந்த ஜோடிகள், சக்கரத்தில் பானை செய்து பார்க்கும் சிறுவர்கள் என்று விடுமுறை நாட்களில் கலகலப்பாக இருக்கும். இவர்களைவிட அவசியமாக இங்கே வர வேண்டியவர்கள் உண்டு. சொந்த வீடு கட்டக் காசு சேர்த்து வைத்துக்கொண்டு, கையில் பிளானோடு அலைகிறவர்கள்!

காரணம், இங்கே காட்சிப்பொருளே வீடுகள்தான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எனத் தென்னாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த வீடுகள். இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண், கதவு, உத்தரம் என்று பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். 1996-ல் திறக்கப்பட்ட இந்த வளாகத்தின் வடிவமைப்பில் பெரும்பங்கு, குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது.

என் அண்ணன் கூடுவாஞ்சேரிப் பக்கம் 30-க்கு 40 மனை ஒன்று வாங்கியிருக்கிறார். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. பிளானும் தயார். கீழே கார் நிறுத்தும் இடம், 14-க்கு 20 அடியில் பெரிய ஹால், கிச்சன், அண்ணன்-அண்ணிக்கு ஒரு பெட்ரூம். மாடியில் இரண்டு பெட்ரூம். அதில் ஒன்று அம்மாவுக்கு. 'மாடின்னா நல்லா காத்து வரும்மா' என்று அண்ணன் சொல்ல, அம்மாவும் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'நல்லாயிருக்குப்பா' என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு 71 வயது. வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடமாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அண்ணி, அம்மா, பத்தாவது படிக்கும் அண்ணன் மகள் என்று எல்லோருமாகத் தட்சிணசித்ராவுக்குக் கிளம்பினோம்.

வேலையைப் பார்த்து வரைந்த வீடுகள்

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது தறி. நல்ல இடமும் நல்ல வெளிச்சமும் அதற்குத்தான். படுக்கை, சாப்பாடு எல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில். அந்த வீட்டுக்குச் சோறு போடுவது தறி என்பதால், பிளானிலும் அதற்கே முதல் மரியாதை. கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் அந்த மரியாதை நெல் சேமிக்கும் அறைக்கு.

ஆந்திரக் கடற்கரையின் மண் வீடு வட்டமாக இருக்கிறது. 'ஏன் ரவுண்டா இருக்கு?' என்று அண்ணன் மகள் கேட்டாள். புயல் வீசும் கரை அது. தட்டையான சுவர் என்றால் காற்று நேராக வந்து மோதும். வட்டச் சுவர் என்றால் வழுக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடும்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள், 'இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எந்தக் காற்றில் வாழ்கிறார்கள்?' என்ற கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லியிருக்கிறார்கள். நாமோ 'எத்தனை பெட்ரூம்?' என்பதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரா?

அக்ரகாரத்து வீடு, சின்ன மனைக்காரர்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய வீடு. முகப்பு குறுகல், நீளம் அதிகம். அந்தத் தெருக்களில் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியே இருக்கும் என்பதால், பக்கவாட்டில் ஜன்னலுக்கு வழியில்லை. ஆனாலும் உள்ளே இருட்டு இல்லை. நடுவில் முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போக, வாசல் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது. வாசலில் நின்றால் கொல்லைப்புறம் வரை நேராகத் தெரிகிற அமைப்பும் காற்றுக்கு ஒரு பாதைதான்.

30 அடி அகல மனையில் பெரிய முற்றம் கட்ட முடியாது. ஆனால், மாடிப்படிக்குப் பக்கத்தில் 4-க்கு 5 அடி மட்டும் வானம் தெரிய விட்டு, மேலே இரும்பு கிரில் போட்டால் கிச்சனுக்கும் ஹாலுக்கும் பகலில் லைட் தேவைப்படாது. அதில் விழும் மழைநீரைக் குழாய் வழியாகச் சேகரிப்புத் தொட்டிக்கு விடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம். அறைகளுக்கு வரும்போது, ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர் சுவரில் ஒவ்வொன்றாக வைப்பது நல்லது. காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும் என்றால், வெளியே போகவும் ஒரு வழி வேண்டும்.

எல்லாமே நல்லதில்லை

பழைய வீடு என்றதும் உருகிவிட வேண்டியதில்லை. ஒரு வீட்டின் பின்கட்டு அடுப்படியில் நின்று அண்ணி சொன்னார்: "நாள் பூரா புகையில இங்கயே நின்னவங்களை யாரு பார்த்திருப்பா? வாசல்ல யார் வந்தாங்கன்னுகூட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." தன் கிச்சனிலிருந்து ஹாலும் வாசல் கதவும் தெரிய வேண்டும் என்பது அண்ணியின் முதல் கோரிக்கை ஆனது. தடுக்கி விழவைக்கும் உயரமான நிலைப்படி, தலையில் இடிக்கும் தாழ்ந்த வாசல், வீட்டை விட்டு விலகிக் கொல்லைப்புறத்தில் இருந்த கழிப்பறை ஆகியவையும் அப்படியே பின்பற்றத் தக்கவை அல்ல.

செட்டிநாட்டு வீட்டில் அண்ணன் மகளுக்கு ஓர் ஆச்சரியம். 'இவ்வளவு பெரிய வீட்ல ரூமெல்லாம் இவ்வளவு சின்னதா?' வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கப்பட்டவை. பூட்டி வைக்கவும் தனியாக இருக்கவும்தான் அறை. பேச்சு, சாப்பாடு, விசேஷம் எல்லாம் பொது இடத்தில். "எனக்கும் சின்ன ரூமே போதும். டி.வி. சத்தம் மட்டும் கேட்கக் கூடாது" என்றாள் அவள். பிளானில் அவளுடைய அறைச் சுவரின் மறுபக்கம்தான் டி.வி. மாட்டுவதாக இருந்தது!

திண்ணையில் அம்மா

நடந்த களைப்பில் அம்மா ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். ஒன்றரை அடி உயரம் இருக்கும். முழங்காலை மடக்கிக் கஷ்டப்படாமல் உட்காரவும், தூணைப் பிடித்து எழுந்திருக்கவும் முடிந்தது. கொஞ்ச நேரம் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இந்த மாதிரி வாசல்ல உட்கார்ந்தா தெருவுல போறவங்க நாலு வார்த்தை பேசுவாங்க. மாடியில எங்கிட்ட யாரு பேசுவா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அம்மாவே தொடர்ந்தார். "ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கறேன். பாத்ரூம் பக்கத்துல இருந்தா போதும். ரூம் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ காட்டினது வெறும் கோடுப்பா. எனக்கு அதுல என்ன தெரியும்? இது வீடு. இதுல தெரியுது."

பிளானில் பெரிய ஹால் எதற்கு என்று அப்போதுதான் எல்லோரும் யோசித்தோம். வருடத்தில் நாலைந்து நாள் வரும் விருந்தாளிகளுக்காக 280 சதுர அடி. 365 நாளும் இருக்கப்போகும் அம்மாவுக்கு 20 படி ஏறி ஓர் அறை.

ஒரு நாளைத் தாளில் எழுதுங்கள்

திரும்பி வந்ததும் ஒரு வெள்ளைத்தாளில், காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை வீட்டில் யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று எழுதினோம். காலை 7 மணிக்கு மூன்று பேருக்குப் பாத்ரூம் தேவைப்படுகிறது. வெட் கிரைண்டர், தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், வாஷிங் மெஷின், ஈரத்துணி, செருப்பு இவை எதற்கும் பிளானில் இடம் இல்லை. அடுத்து, வீட்டிலிருக்கும் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜை டேப்பால் அளந்து பிளானிலேயே வரைந்தோம். உங்களுக்கும் உதவும் என்பதால் சில கணக்குகள்:

சுவர்: 24 அடி அகல வீட்டில் இரண்டு 9 அங்குல வெளிச்சுவரும் சேர்ந்து ஒன்றரை அடியை எடுத்துக்கொள்ளும். நடுவே நாலரை அங்குலச் சுவர் ஒன்று வந்தால் புழங்குவதற்கு மிஞ்சுவது 22 அடி சொச்சம்தான்.

கட்டில்: இரண்டு பேர் படுக்கும் கட்டில் 5-க்கு ஆறரை அடி. பீரோவின் ஆழம் 2 அடி. அதன் முன்னால் கதவைத் திறந்து நிற்க குறைந்தது இரண்டரை அடி. 10-க்கு 10 அறையில் இதற்குமேல் மேஜை கேட்கக் கூடாது.

மாடிப்படி: 10 அடி உயரத்துக்கு 6 அங்குலப் படி என்றால் 20 படி. திரும்பி ஏறும் படிக்கட்டுக்கு 7-க்கு 11 அடியாவது வேண்டும். கிட்டத்தட்ட ஒரு சின்ன அறை! வாசலை ஒட்டிப் படி வைத்தால், பிற்காலத்தில் மாடியைத் தனியாக வாடகைக்கு விடலாம்.

கதவு: அறைக் கதவு 3 அடி, முதியவர் பாத்ரூம் கதவும் அதே அளவு இருந்தால் வாக்கரும் சக்கர நாற்காலியும் போகும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்களே அடைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

தண்ணீர்க் குழாய்: கிச்சன், கீழ் பாத்ரூம், மேல் பாத்ரூம் மூன்றும் பக்கத்தில் அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் குழாய்ச் செலவும் கசிவுத் தொல்லையும் குறையும்.

வெயில்: மேற்குச் சுவரில்தான் பிற்பகல் வெயில் இறங்கும். அங்கே படுக்கையறை வைப்பதைவிட மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் வைப்பது மேல். வாஸ்து பார்ப்பவர்கள், முதல் கோடு போடும் முன்பே பார்த்துவிடுங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு கிச்சனை நகர்த்தச் சொன்னால் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

கோலப்பொடியில் ஒரு வீடு

இன்ஜினீயர் பிளானை மாற்றித் தந்தார். ஹால் 12-க்கு 14 ஆனது. அண்ணன், அண்ணியின் அறை மாடிக்குப் போனது. தெருவைப் பார்த்த முன் அறை, ஒட்டிய பாத்ரூமோடு அம்மாவுக்கு. வாசலில் ஆறடி நீளத்தில் ஒரு திண்ணை. அண்ணனுக்கு ஹால் விஷயத்தில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

கோட்டைப் பார்த்துப் புரியாத அம்மாவுக்கு இதை எப்படிக் காட்டுவது? அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். இப்போதிருக்கும் வாடகை வீட்டின் மொட்டை மாடியில், டேப் பிடித்து அளந்து, அம்மாவின் அறையை நிஜ அளவிலேயே கோலப்பொடியால் வரைந்தார்கள். கட்டில் இருக்கும் இடத்தில் பாய். பீரோவுக்கு ஓர் அட்டைப்பெட்டி. அம்மா பாயிலிருந்து எழுந்து 'பாத்ரூம்' வரை நடந்தார். ஆறு எட்டு. வழியில் பீரோ கதவு திறந்தால் நடைபாதையை மறிக்கும் என்பது அங்கேதான் தெரிந்தது. அட்டைப்பெட்டியை அம்மாவே எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார். "லைட் ஸ்விட்ச் கட்டில்லேர்ந்து கை எட்டற மாதிரி வேணும்" என்றும் சொன்னார். இன்ஜினீயர் அதையும் குறித்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால், 2024 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்க முடிகிறது. அனுமதி சீக்கிரம் வந்துவிடும் என்பதால், யோசிக்க வேண்டியதை விண்ணப்பிக்கும் முன்பே யோசித்துவிடுவது நல்லது. தாளில் அழிக்க ரப்பர் போதும். எழுப்பிய சுவரை நகர்த்த, இடிக்கும் கூலியும் கட்டும் கூலியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், வெயிலுக்கு முன் பாதி வீடுகளைப் பார்த்துவிடலாம். உங்கள் பிளானின் அச்சுப் பிரதி, பென்சில், டேப், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள். ஒரு திண்ணையில் உட்காரவைத்து, 'உங்களுக்கு எப்படி வேணும்?' என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகலாம், அவசரப்படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.