ஹோராவில் இறங்கி இடப்பக்கமா, வலப்பக்கமா?

கப்பல் கரை சேரப் பத்து நிமிடம் இருக்கும்போதே எல்லோரையும் கீழே, வண்டிகள் நிற்கும் தளத்துக்கு வரச் சொல்லிவிடுகிறார்கள். டீசல் நெடி. லாரிகளின் உறுமல். பெட்டியைப் பிடித்தபடி நூற்றுக்கணக்கானோர். பின்பக்கத்து இரும்புப் பலகை இறங்கத் தொடங்கும்போது கப்பல் இன்னும் பின்னோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சில நிமிடங்கள்தான் நிற்கும், அடுத்த தீவுக்குக் கிளம்பிவிடும். நாக்சோஸ் தீவில் நாங்கள் கால் வைத்தது இப்படித்தான், ஒரு கல்யாண மண்டபப் பந்திக்குக் கதவு திறந்ததுபோல.

பெட்டியை வைக்கும் தட்டுகளில் தீவின் பெயர் எழுதியிருக்கும்: பாரோஸ், நாக்சோஸ், சாந்தோரினி. மாற்றி வைத்தால் நாம் இங்கே இறங்க, நம் வேட்டி சட்டை எரிமலை பார்க்கப் போய்விடும்.

*

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு 2022 அக்டோபர் முதல் ஒரே மெட்ரோ, மூன்றாம் தடம். மாற வேண்டியதில்லை. ஆனால் பிரேயஸ் ஒரே படகுத்துறை என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணிட்ட வாசல்கள், ஒன்றுக்கொன்று நல்ல தூரம். டிக்கெட்டில் வாசல் எண்ணை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய கப்பலில் நாக்சோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகப் படகு இன்னும் சீக்கிரம் சேரும். காசும் கூட, காற்றடித்தால் குலுக்கலும் கூட. மேல்தட்டில் நின்று காற்று வாங்கிக்கொண்டு போக ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரிய கப்பல்தான்.

விமானமும் உண்டு. ஓடுபாதை 900 மீட்டர்தான். அதனால் ஏதென்ஸிலிருந்து சிறிய விசிறி விமானங்கள் மட்டுமே வரும்.

*

நான் செய்த முதல் தப்பு: அறையை முதலில் பிடித்தேன், எப்படிச் சுற்றுவது என்று பிறகு யோசித்தேன். அது ஒரே கேள்வி. கார் எடுப்பவன் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம். பஸ்ஸை நம்புகிறவன் பஸ் கிளம்பும் இடத்தில் தங்க வேண்டும். இது தெரிய எனக்கு இரண்டு நாளும் ஒரு முழங்கால் வலியும் ஆயின.

சிக்லடீஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது நாக்சோஸ், சுமார் 430 சதுர கிலோமீட்டர். மேற்கே மணல் கடற்கரைகள், நடுவே மலை. ஸாஸ் சிகரம் 1,004 மீட்டர்; ஸீயஸின் பெயர்தான். ஒரு நாளில் நடந்து முடிக்கும் தீவு அல்ல.

*

தலைநகரின் பெயர் ஹோரா. பக்கத்துத் தீவுகளிலும் பெரிய ஊர் பெரும்பாலும் ஹோராதான். 'ஊர்' என்று பொருள். ஊருக்குப் போகிறேன் என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் ஹோராவுக்குப் போகிறேன் என்கிறார்கள், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

கப்பலிலிருந்து இறங்கி ஊரைப் பார்த்து நின்றால், இடப்பக்கம் போர்த்தாரா. கி.மு. 530 வாக்கில் லிக்தாமிஸ் என்ற சர்வாதிகாரி தொடங்கி, முடிக்காமலே போன அப்போலோ கோயிலின் பளிங்கு வாசல். கோயில் இல்லை, கதவு இல்லை, நிலை மட்டும் நிற்கிறது. அதற்கப்பால் வடக்குக் கரை, கிரோத்தா. நேரெதிரே மேலேறும் சந்துகள், உச்சியில் காஸ்த்ரோ. வலப்பக்கம் கடையோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அயியோஸ் யோர்கியோஸ் கடற்கரை.

நாங்கள் நேராகப் போனோம். படத்தில் அழகாக இருந்ததே.

*

காஸ்த்ரோ: 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸிலிருந்து வந்த மார்க்கோ சனூதோ கட்டிய கோட்டைக் குடியிருப்பு. வாசல்களின் மேல் இன்னும் கத்தோலிக்கக் குடும்பங்களின் சின்னங்கள். அங்கே இருந்த பிரெஞ்சுப் பள்ளியில் எழுத்தாளர் கஸன்சாகிஸ் சிறுவனாகப் படித்திருக்கிறார். இதெல்லாம் பெட்டி கையில் இல்லாதபோது ரசிக்க வேண்டியவை.

சந்துகள் எதிரி வந்தால் திணற வேண்டும் என்றே வளைத்துக் கட்டப்பட்டவை. எண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. வண்டி நுழையாது. சக்கரப் பெட்டிக்குப் படிகளில் சக்கரத்தால் பயனில்லை. கைபேசியின் வரைபடம் இரண்டு வீட்டுக்கு நடுவே நம்மைச் சுவரில் முட்ட வைக்கிறது. "துறைமுகத்திலிருந்து 300 மீட்டர்" என்று போட்டிருந்தார்கள், பொய்யில்லை. அதில் எத்தனை மீட்டர் மேல்நோக்கி என்றுதான் போடவில்லை.

"ஏங்க, திரும்பிப் போறப்பவும் இதே வழிதானா?" என்றாள் மனைவி, நாற்பதாவது படியில் உட்கார்ந்துகொண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறையின் சுவர் அத்தனை தடிமன். நண்பகலிலும் மண்பானைத் தண்ணீர்போலக் குளிர்ச்சி. முதுகுப் பையோடு வரும் இளசுகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எங்களுக்கு இரண்டு இரவு போதும் என்று ஆயிற்று.

*

காற்று. கோடையில், முக்கியமாக ஜூலை, ஆகஸ்டில், வடக்கிலிருந்து அடிப்பது மெல்தெமி. வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனால் மேசை விரிப்பு பறக்கும். அதனால்தான் உணவகங்களில் விரிப்பைக் கவ்விபோட்டு இறுக்கிவைக்கிறார்கள். நாங்கள் போனது செப்டம்பர், அப்போதும் மிச்சம் இருந்தது.

வடக்கு பார்த்த பால்கனி படத்தில் நன்றாக இருக்கும், உட்கார முடியாது. கிரோத்தா பக்கம் கடல் தெரியும் அறை மலிவாகக் கிடைத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தெற்கே மிக்ரி விக்லாவில் இந்தக் காற்றைத் தேடியே அலைப்பலகைக்காரர்கள் வந்து தங்குகிறார்கள்.

தீவுக்காரர்கள் வெப்பநிலையைக் கேட்பதில்லை. "இன்று எத்தனை போஃபோர்?" என்றுதான் கேட்கிறார்கள். காற்றின் வேகத்துக்கான அளவு அது. ஆறு என்றால் தோளைக் குலுக்குவார்கள். எட்டு என்றால் கப்பல் வருமா என்று பேச்சு ஆரம்பிக்கும்.

*

மூன்றாம் நாள் வலப்பக்கம் மாறினோம், அயியோஸ் யோர்கியோஸுக்கு. ஆழமில்லாத கடல், குழந்தைகள் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கிறார்கள். சின்னச் சமையல் மேடை உள்ள அறை. 'ஸ்டூடியோ' என்பது இவர்கள் சொல். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் 'கிரியா' என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இப்படிப்பட்ட சிறு விடுதிகளில் பல, நேரத்தைச் சொன்னால் துறைமுகத்துக்கே வண்டி அனுப்புகின்றன. கேட்காதவனுக்குத்தான் நடை.

கிரியா முதலில் காட்டியது குளியலறையில் இருந்த சின்னக் கூடையை. காகிதத்தைக் கழிப்பறையில் போடக் கூடாது, குழாய்கள் குறுகல், கூடையில்தான் போட வேண்டும். இரண்டாவதாகக் காட்டியது கடிகாரத்தை. பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊர் தூங்கும் நேரம், சத்தம் கூடாது. கோடையில் இது சட்டமாகவே இருக்கிறது. மதுரை வெயிலில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா?

மூன்றாவது, காசு. அறை வாடகைக்கு மேல் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசுக் கட்டணம் உண்டு. 2024 முதல் 'தட்பவெப்ப' என்று பெயர் சேர்த்து உயர்த்தியிருக்கிறார்கள். தலைக்கல்ல, அறைக்கு, நட்சத்திரம் கூடக் கூடத் தொகையும் கூடும். முன்பதிவில் கட்டியிருக்க மாட்டோம், வாசலில்தான் கேட்பார்கள். ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

*

இன்னும் தெற்கே அயியோஸ் புரொக்கோபியோஸ், அயியா அன்னா, பிளாக்கா. ஹோராவிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வரும் கடற்கரைகள். பிளாக்கா மட்டும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் மணல். கடலில் கிடப்பதற்காகவே வந்தால் அங்கே தங்கலாம். பஸ் அடிக்கடி உண்டு. ஆனால் மலைக்குப் போக அங்கிருந்து ஹோராவுக்கு வந்துதான் மாற வேண்டும், பகலில் பாதி அதிலேயே போகும்.

*

பஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஏமாந்தேன்.

கேதெல் என்பது கிரேக்கம் முழுக்க ஓடும் பஸ் கூட்டமைப்பு, மாவட்டத்துக்கு மாவட்டம் தனி. ஹோராவில் கப்பல் துறைக்கு எதிரிலேயே அவர்கள் நிறுத்தம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. பெயர்ப்பலகை கிரேக்கத்தில் இருக்கும். ஆங்கில எக்ஸ் மாதிரி இருப்பது 'ஹ', பி மாதிரி இருப்பது 'ர'. இந்த இரண்டு தெரிந்தாலே 'ஹோரா'வைப் படித்துவிடலாம்.

அபிராந்தோஸுக்குப் போனோம். மலைமேல் பளிங்குக்கல் பாவிய ஊர். கிரீட் தீவின் சாயல் ஏறிய பேச்சு என்கிறார்கள். 1941 மே 30 இரவு அக்ரோபோலிஸில் பறந்த நாஜிக் கொடியை இறக்கிய இரண்டு இளைஞர்களில் ஒருவரான மனோலிஸ் கிளேஸோஸ் பிறந்தது இங்கே. ஊர் முழுக்கப் பூனைகள். திரும்பும் பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். அன்று செவ்வாய். 'தெஃப்தெரா' என்ற பத்தியில் நாலரைக்கு ஒரு வண்டி இருந்தது. தெஃப்தெரா என்றால் இரண்டாவது என்று எங்கோ படித்த ஞாபகம். வாரத்தின் இரண்டாம் நாள் செவ்வாய். நிம்மதியாக இன்னொரு காப்பி சொன்னேன்.

நாலரை ஐந்தாயிற்று. காப்பிக்கடை வாசலில் இருந்த பெரியவரிடம் "ஹோரா? பஸ்?" என்றேன். அவர் முகவாயை லேசாக மேலே தூக்கி, நாக்கை அண்ணத்தில் தட்டி "ச்சு" என்றார்.

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் பாட்டி இல்லை என்பதை அப்படித்தான் சொல்வாள்.

அவர்கள் ஞாயிறிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டாவது, திங்கள். மூன்றாவது, அதாவது 'திரிதி', செவ்வாய். "நாமளும் ஞாயித்துக்கிழமையிலேர்ந்துதானே எண்றோம்? ஞாயிறு, திங்கள், செவ்வாய்..." என்று மனைவி விரல் விட்டாள். உண்மைதான். முப்பது வருஷ அலுவலகம் திங்களை முதல் நாளாக்கி வைத்திருக்கிறது. டாக்ஸியைக் காப்பிக்கடைக்காரர் போன் செய்து வரவழைத்தார். பஸ் காசைப்போலப் பத்து மடங்குக்குக் குறையவில்லை.

*

அடுத்த நாள் கார்.

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. கியர் வண்டிதான் வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும். 'முழுக் காப்பீடு' என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். டயரும் அடிப்பக்கமும் அதில் சேருமா என்று கேட்டால் சிரிப்பு கொஞ்சம் குறையும். மண்பாதையில் பாதிப்பு வருவது அந்த இரண்டுக்கும்தான்.

சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் அரைமணி நேரம் திரும்புகிற இடத்திலெல்லாம் சைகை விளக்குக்குப் பதில் வைப்பர் ஓடி, என் வண்டி வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போயிற்று.

மலை வளைவுகளில் காலொன்றில் நிற்கும் சின்னப் பெட்டிக் கோயில்கள் வருகின்றன. உள்ளே விளக்கும் ஒரு சாமி படமும். பல, விபத்து நடந்த இடத்திலோ தப்பிப் பிழைத்த இடத்திலோ வைத்தவை. எச்சரிக்கைப் பலகையைவிட அவற்றை நம்பி வேகத்தைக் குறைத்தேன். ஆடுகள் எதற்கும் குறைப்பதில்லை.

நான்கு சக்கர மோட்டார் பைக்கை இங்கே 'குருனா' என்கிறார்கள், பன்றி என்று அர்த்தம். ஓடும் சத்தத்தைக் கேட்டால் ஏன் என்று புரியும். கடற்கரையோரத்துக்குச் சரி. மலைக்கு வேண்டாம், காற்றில் தள்ளாடுகிறது.

*

காரில் போனது: ஹால்கியில் 1896-லிருந்து இயங்கும் வடிசாலை. கித்ரோன் என்ற மது, நம் நார்த்தங்காய் வகையைச் சேர்ந்த மரத்தின் இலையிலிருந்து. பச்சை நிறம் இனிப்பு, மஞ்சள் காட்டம். ஓட்டுபவன் முகர்ந்ததோடு சரி. பிறகு வடகோடியில் அப்பொல்லோனாஸ். பழைய குவாரியில் பத்து மீட்டருக்கு மேல் நீளமான பளிங்கு மனிதன் முடிக்கப்படாமல் மல்லாந்து கிடக்கிறான். டிக்கெட் இல்லை. பஸ்ஸிலும் வரலாம், ஆனால் நாளுக்கு எத்தனை வண்டி என்று விரல் விட வேண்டும். என் விரலை நான் இனி நம்பத் தயாரில்லை.

இந்த இரண்டு நாளுக்காக ஏழு நாளும் கார் வைத்திருந்தால் ஐந்து நாள் அது கிரியா வீட்டில் வேப்பமரம் போன்ற ஏதோ ஒரு மரத்தடியில் சும்மா நின்றிருக்கும். இரண்டு நாள் கார், மற்றபடி பஸ்ஸும் காலும்: எங்கள் கணக்குக்கு அது சரியாக வந்தது.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வருகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். மாதாவின் திருநாள், ஃபிலோத்தி ஊரில் திருவிழா, ஏதென்ஸே கிளம்பி தீவுகளுக்கு வந்துவிடும். அப்போது கிடைத்த அறை, கிடைத்த வண்டி.

*

கடைசிச் சாயங்காலம். காலையில் கப்பல், மறுநாள் ஏதென்ஸில் விமானம். நடுவில் ஒரு நாள் விட்டுவைத்தது மட்டும் நான் சரியாகச் செய்த காரியம். காற்று மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தடைக்கு 'அபகொரெஃப்திகோ' என்று ஒரு சொல்லே இருக்கிறது, எல்லோர் வாயிலும் புழங்குகிறது.

துறையில் சிறு தீவுகளுக்குப் போகும் ஸ்கோபெலீத்திஸ் படகு ஆடிக்கொண்டு நின்றது. இராக்லியா, ஸ்கினூஸா, கூஃபோநிஸியா, அப்பால் அமோர்கோஸ். மூட்டை முடிச்சோடு ஒரு பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நாளை கப்பல் வருமா?" என்று கிரியாவிடம் கேட்டேன்.

அவள் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்தாள். முகவாய் மேலே போகவில்லை. கீழேயும் வரவில்லை. ஏழு போஃபோர் இருக்கும் என்றாள். பெட்டியை மூடாமலே வைத்துவிட்டுப் படுத்தோம்.