சிங்கராஜ வனத்தில் ஒரு பகல்



"நான் சென்ற ஒரு சுற்றுலா" என்னும் தலைப்பை வினாத்தாளில் கண்டவுடன் உங்களிற் பலர் மனனம் செய்த கட்டுரையை எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள். அதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "சிங்கராஜ வனத்தில் யானைகள் கூட்டங்கூட்டமாக உலாவுவதைக் கண்டு மெய்சிலிர்த்தோம்" என்று சில வருடங்களாக என் வகுப்புக் குறிப்பில் ஒரு வசனம் இருந்தது. அதை எழுதியபோது நான் அந்த வனத்தின் வாசலைக்கூட மிதித்திருக்கவில்லை.

2018 ஓகஸ்ட் விடுமுறையில் தரம் 11 மாணவர்கள் பன்னிரண்டு பேருடன் ஹற்றனிலிருந்து வானில் புறப்பட்டேன். இரத்தினபுரி, கலவானை வழியாகக் குடாவ நுழைவாயிலை அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. சிங்களம் நன்கு தெரிந்த மாணவி ஒருத்தி எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

முதலில் எங்களை வரவேற்றவை அட்டைகள். அம்மா கொழுந்து மலைக்குப் போகும்போது காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வார். நானும் அப்படியே பூசியிருந்தேன். அந்த மழையில் அது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. கடிபட்டது வலிக்கவேயில்லை, இரத்தம்தான் நிற்காமல் வடிந்தது. அட்டையின் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் அல்லவா?

ஒரு மணித்தியாலம் நடந்தும் வேறெதையும் காணவில்லை. பையன்கள் சலித்துக்கொண்டார்கள். திடீரென்று தலைக்கு மேலே ஒரே சலசலப்பு. செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் முப்பதுக்குக் குறையாமல் கிளைக்குக் கிளை தாவின. அவற்றோடு கொண்டைக் கரிக்குருவியும் பெயர் தெரியாத வேறு பறவைகளும் வந்தன. சிலம்பன்கள் இலைகளைக் கிளறும்போது கலைந்து பறக்கும் பூச்சிகளைக் கரிக்குருவி பிடித்துத் தின்னும். எதிரியைக் கண்டால் அதுவே முதலில் கத்தி மற்றவற்றை எச்சரிக்கும். வெவ்வேறு இனப் பறவைகள் இப்படிச் சேர்ந்து இரைதேடுவதற்குப் பெயர்போன காடு இது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டன.

பிறகு ஒரு சிற்றோடையைத் தாண்டுவதற்காகப் பக்கத்திலிருந்த செடியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். வழிகாட்டி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "பலா பொலங்கா!" என்றார். சொல் விளங்கவில்லை, பிடி விளங்கியது. இலைகளுக்குள் இன்னொரு இலைக்கொத்துப் போல, பச்சையும் கறுப்புமாகச் சுருண்டு, முக்கோணத் தலையுடன் கிடந்தது பச்சை விரியன். இலங்கைக்கே உரிய இனம். என் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. அது அசையவேயில்லை. இரவில்தான் இரைதேடுமாம், பகலில் இப்படியே கிடக்குமாம். எனக்கோ முழங்கால் இரண்டும் தளர்ந்துவிட்டன.

திரும்பும் வழியில் அந்த மாணவி, "சேர், யானைக் கூட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கேலியாக அல்ல, நம்பித்தான் கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் வழிகாட்டியிடமும் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். இங்கே கூட்டமெல்லாம் இல்லை, ஓரிரு யானைகள்தான், அவையும் இராக்குவானைப் பக்கம் என்றார். நாங்கள் நடந்துவந்த பாதை 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டி லொறியில் ஏற்றிய பாதை என்றும், 1977 இல் அது நிறுத்தப்பட்டது என்றும் சொன்னார். 1988 இல் உலக மரபுரிமையான காட்டுக்கு இப்படியும் ஒரு கதை இருப்பது என் குறிப்பில் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை வெட்டினேன். ஏற்கெனவே எத்தனை பேர் அதைப் பரீட்சையில் எழுதினார்களோ!

அடுத்த கிழமை பன்னிரண்டு பேரும் கட்டுரை எழுதித் தந்தார்கள். "மெய்சிலிர்த்தோம்" ஒன்றிலும் இல்லை. அந்த மாணவி, "பாம்பைக் கண்ட பிறகு வான் வரைக்கும் சேரின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது" என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சரி போட்டேன்.