பாட்டனார் வைத்துப்போன ஜாக்கி

முன்னோர் வைத்துப்போன பொருள் நிலமாயின் பத்திரம் உண்டு. நகையாயின் உரைகல் உண்டு. கருவியாயின் அதன் தகுதியை அறிவது எவ்வாறு? இவ்வினா எம் பாட்டனாருடைய பழைய டிராலி ஜாக்கியினால் எமக்கு எழுந்தது. அதற்கு யாம் கண்ட விடையைக் கல்லூரி அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

எம் ஊராகிய வியாசர்பாடி இரும்போடு பழகிய ஊர். தென்னாட்டின் முதற் பிரயாணிகள் ரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரம் இதற்கு அண்மையது. பெரம்பூர் ரயில் பட்டறைகளும் அருகிலுள்ளன. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆயினும், பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைத்தோருடைய கருவிகள் பல வீடுகளில் இன்றும் உள.

எம் பாட்டனார் லாரிப் பட்டறையொன்றில் வேலை பார்த்தவர். அவர் காலத்திற்குப்பின் அந்த ஜாக்கி மாடிப்படியின் கீழ்க் கிடந்தது. எம் தம்பி சிறியதொரு மெக்கானிக் ஷெட் வைக்கக் கருதி அதனை வெளியே எடுத்தான். “மூன்று டன் ஜாக்கி” என்பது வீட்டார் பேச்சு. ஜாக்கியோ, ஏற்றிய சுமையைத் தாங்கி நில்லாது மெல்லக் கீழே இறங்கிற்று. காயலான் கடைக்காரர் எடைக்கு விலை கூறினார். விற்பதோ பழுது பார்ப்பதோ எதுவாயினும், முதலில் அதனை உள்ளபடி அறிதல் வேண்டும் என்று துணிந்தோம். வண்டியின் அடியில் படுப்பவன் எம் தம்பியன்றோ!

இதன் தத்துவம் எளிது. அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எப்பக்கமும் ஒருபடியாகப் பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. அரை அங்குல விட்டமுள்ள சிறு பிஸ்டனை 100 கிலோ விசையோடு அழுத்தினால், இரண்டு அங்குல விட்டமுள்ள பெரிய பிஸ்டன் 1,600 கிலோ விசையோடு தள்ளும். பரப்பு 16 மடங்காதலின் என்க. சிறியது 16 அங்குலம் சென்றாற் பெரியது ஓர் அங்குலமே நகரும். இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. ஜோசப் பிராமா 1795-இல் இவ்விதியால் அழுத்த யந்திரம் சமைத்து உரிமை பெற்றார். ரிச்சர்டு டட்ஜன் 1851-இல் நியூயார்க்கில் கையிற் கொண்டுசெல்லும் ஜாக்கிக்கு உரிமை பெற்றார். ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் பெருங்கப்பல் தேம்ஸ் நதிக்கரையினின்று அசையாது நின்றபோது, அதனைத் தள்ளி 1858 ஜனவரியில் நீரில் மிதக்கவைத்தவை டாங்கி சகோதரரின் ஜாக்கிகளே.

நிற்க. எம் ஜாக்கியிற் பெயர்த்தகடு இல்லை. ஆதலின் மரைகளை அளந்தோம். அவற்றின் பற்கோணம் 55 பாகை. அஃது ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த்து 1841-இல் வகுத்த தரம். மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. எனவே ஆங்கிலேய முறைப்படி செய்யப்பட்ட ஜாக்கி என்பது தெளிந்தது. பின்னர், வார்ப்பிரும்பு உடலின் மேலிருந்த பல அடுக்குப் பெயிண்டை மெல்லச் சுரண்டினோம். ‘30’ என்னும் எண்ணும், அதனையடுத்து அந்தரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளும் வெளிப்பட்டன. ஓர் அந்தர் 112 ராத்தல். 30 அந்தர் ஏறத்தாழ 1,524 கிலோ. மூன்று டன்னன்று, ஒன்றரை டன்னே!

தம்பி திகைத்து, “அண்ணா, தாத்தா சொன்னது பொய்யா?” என்றான். அருகில் நின்ற எம் அன்னையார், “மாமா அதனை ‘முப்பது’ என்றே சொல்வார், மூன்று டன் என்பது பின்வந்தவர் பேச்சு” என்றார். பாட்டனார் எண்ணைச் சரியாகவே வைத்துப்போனார். அளவைதான் இடையில் மாறிற்று.

இம்மாற்றம் சிறிதன்று. மிகைச்சுமை ஏறினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு இந்த ஜாக்கியில் இல்லை. வலியவன் கைப்பிடியை அழுத்தினால் இரண்டு டன்னையும் தூக்க முயலும். வார்ப்பிரும்போ வளைந்து எச்சரியாது, திடீரென முறியும். குருவி தலையிற் பனங்காய் வைப்பது குருவிக்கு மட்டுமே கேடு. ஈண்டு அடியில் இருப்பவனுக்கும் கேடாம்.

இனிப் பழுதுபார்த்த முறையைக் கூறுவோம். பழைய எண்ணெயை வடித்து, உறுப்புகளை மண்ணெண்ணெயிற் கழுவினோம். பிஸ்டனை முரட்டு உப்புத்தாளால் தேய்த்தலாகாது. கீறல்வழி எண்ணெய் கசியும். எண்ணெய் திரும்பாது தடுக்கும் இரும்புக்குண்டு துருவேறியிருந்தது. புதுக்குண்டை அதன் இருக்கையில் வைத்துப் பித்தளைக் கோலால் ஒருமுறை மெல்லத் தட்டினோம், விளிம்பு படிந்தது. பிஸ்டனின் தோற்கிண்ண வாஷர் காய்ந்து விறைத்திருந்தது. அழுத்தம் மிகமிக அதன் உதடு விரிந்து சுவரோடு ஒட்டுவதே அதன் தொழில். விறைத்த தோல் விரியாது. பெரியமேட்டில் நல்ல தோல் வாங்கி, வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினோம். பின்பு ஹைடிராலிக் எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றினோம். சிலர் பிரேக் ஆயிலை ஊற்றுவர். கனிம எண்ணெய்க்கென அமைந்த ரப்பர் வளையங்களை அது பருக்கச் செய்து கெடுக்கும்.

ஒரு டன் சுமையேற்றிச் சுவரிற் சுண்ணக்கோடு இட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஜாக்கி கோட்டினின்று இறங்கவில்லை. ‘1,500 கிலோ’ என்று அதன் உடலில் வெண்ணிறத்தில் எழுதினோம். வண்டியைத் தூக்குவது ஜாக்கி, தாங்குவது இரும்பு முட்டு என்னும் விதியையும் தம்பி ஏற்றான். முட்டுக் கொடாமல் அவன் வண்டியின் அடியிற் புகுவதில்லை.

மாணாக்க நண்பர்காள்! தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்தவன் கதையை நாம் அறிவோம். முன்னோர் பொருளைப் பயன்படுத்தாது கிடக்கவிடுதல் அத்தகையதே. ஆராயாது நம்பிப் பயன்படுத்துதலோ அதனினும் கொடிது. அதன் ஆற்றலோடு அதன் எல்லையையும் அறிந்து கைக்கொள்வதே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.