திமில் இல்லாத மாடு

சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடும் நாளில் மஞ்சள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்கிறோமே, அந்த ஜெர்சிக்கும் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் தொழுவத்தில் நின்ற ஜெர்சிக்கும் பூர்வீகம் ஒன்றுதான். பிரெஞ்சுக் கரையை ஒட்டிக் கிடக்கும், சுமார் 120 சதுர கிலோமீட்டரே உள்ள குட்டித் தீவு அது. அங்கே பின்னிய கம்பளிச் சட்டைக்கும் அங்கே வளர்ந்த மாட்டுக்கும் தீவின் பெயரே நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சட்டைக் கதை தெரியாது. அவளுக்கு ஜெர்சி என்றால் மாடு, மாடு என்றால் காலையிலும் சாயங்காலமும் பால்.

1789-இல் அந்தத் தீவு வெளிமாடு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டது. 1866-இல் வம்சாவளிப் பதிவேடு தொடங்கியது. 2008-இல்தான் வெளியூர்க் காளையின் விந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இருநூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் வெளியிலிருந்து ஒரு வரிகூடச் சேர்க்காத கோடு மாதிரி. உள்ளுக்குள்ளேயே தேர்ந்து தேர்ந்து அவர்கள் எடுத்தது வெண்ணெய்க்கான மாடு. சிறிய உடம்பு, மான் நிறம், பெரிய கண், கறுத்த மூக்கைச் சுற்றி வெளிறிய வளையம், பாலில் ஏறக்குறைய 5 சதவீதம் கொழுப்பு. ஹோல்ஸ்டீன் இதைவிட அதிகம் கறக்கும், ஆனால் கொழுப்பு குறைவு, தீனியும் அதிகம், வெயிலும் ஆகாது. தமிழ்நாட்டின் சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்று அரசு பிரித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

எங்களிடம் நின்றது அசல் ஜெர்சி இல்லை, கலப்பு. காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர் என்று நாம் பெருமையாகச் சொல்கிற மாடுகள் எல்லாமே உழவுக்கும் வண்டிக்கும் உருவானவை. நம் முன்னோர்களும் தேர்ந்து தேர்ந்துதான் எடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பால் இல்லை, இழுவை. கன்று குடித்தது போக ஒன்றிரண்டு லிட்டர் மிஞ்சினால் பெரிது. டிராக்டர் வந்து, பால் சொசைட்டியும் வந்தபிறகு கணக்கு தலைகீழானது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைந்த குச்சி ஒன்று, டூவீலரில் வரும் சினை ஊசிக்காரர் வழியாக, காளையே இல்லாத தெருக்களுக்குள் ஜெர்சியைக் கொண்டுவந்தது.

எங்கள் மாடு நல்ல நாளில் பத்து லிட்டர் கறந்தது. சொசைட்டியில் கொழுப்பு பார்த்துத்தான் காசு. என் இன்ஜினியரிங் செமஸ்டர் பீஸ் பெரும்பாலும் அந்தக் கொழுப்பிலிருந்து வந்தது.

இரண்டாவது ஆண்டு விடுமுறையில் அது மூன்றாவது கன்று போட்டது. மறுநாள் எழுந்திருக்கவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடந்தது. பால் சுரம். சீம்பால் ஊறும் வேகத்தில் ரத்தத்திலுள்ள கால்சியம் மடிக்கு இறங்கிவிடும்; ஜெர்சிக்கு இது சற்று அதிகமாகவே வரும். டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை மெதுவாக ஏற்றினார். "இதுக்குத் தனக்குன்னு எடுத்து வச்சுக்கத் தெரியாதும்மா. இருக்கதையெல்லாம் மடிக்கு அனுப்பிரும்" என்றார். ஒரு மணி நேரத்தில் மாடு எழுந்து சாணி போட்டது. அம்மா அப்போதுதான் அழுதாள்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது அதே மாடு திடீரென்று வில்லனாகிவிட்டது. ஜெர்சி மாடே இல்லை, அதன் பால் விஷம் என்று வாட்ஸப்பில் வராத நாளில்லை. பீட்டா கேசீன் என்ற புரதத்தில் 67-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் ஏ1, ஏ2 வித்தியாசம். ஏ1 பாலால் நோய் வருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-லேயே சொல்லிவிட்டது. போதாதற்கு ஜெர்சிகளிலேயே ஏ2 பால் தரும் மாடுகள் நிறைய உண்டு. எங்கள் ஊர் கோமதியம்மனுக்கு ஆவுடையாள் என்றும் பெயர். தேவர்கள் பசுக்களாக அவளோடு வந்ததாகக் கதை. திமில் இருந்ததா என்று அந்தக் கதை கேட்பதில்லை.

நாட்டுமாடு அழியக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் காப்பாற்றும் செலவை, பத்து லிட்டரை நம்பி வட்டி கட்டுகிற ஒரு பெண்ணின் தலையில் ஏற்ற நமக்கு என்ன உரிமை?

ஜெர்சியின் மீது உண்மையிலேயே வைக்கவேண்டிய கேள்வி வேறு. அது காளைக்கன்றைப் பற்றியது. கலப்பினக் காளைக்குத் திமில் சரியாக இருக்காது, நுகத்தடி நிற்காது, வெயிலில் உழவும் முடியாது. உழவே இல்லாத ஊரில் நாட்டுக்காளைக்கே வேலையில்லை, இதற்கு எங்கே? எங்கள் வீட்டில் பிறந்த மூன்று காளைக்கன்றுகளையும் வியாபாரி வந்து ஓட்டிப் போனார். என்ன விலை என்று நான் கேட்டதில்லை, அம்மா சொன்னதுமில்லை.

இப்போது பாலினம் பிரித்த சினை ஊசி வந்துவிட்டது. எக்ஸ் குரோமோசோமில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் கூடுதல். அந்தச் சின்ன வித்தியாசத்தை லேசர் வெளிச்சத்தில் அளந்து விந்தணுக்களைப் பிரிக்கிறார்கள். போனமாதம் போனில் அம்மாவிடம் இதை விளக்கினேன்.

"அப்போ காளங்கன்னே பொறக்காதால?"

"பத்துல ஒண்ணு பொறக்கும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "அந்த ஒண்ண யாரு வச்சுக்கிடுவா?"