முதல் மணி

சென்ற ஆண்டு எங்கள் விடுதி விழாவிற் பெரிய நாடகத்திற்கு முன்னர் ஆடப்பெற்ற சிறு நாடகமொன்றில், முதியவன் வேடம் எனக்கு வாய்த்தது. 20 நிமிடமே நிகழ்வதாயினும், அதற்கென ஒரு திங்கள் உழைத்தேன். அன்று நாற்காலிகளிற் பாதி வெறுமையாய்க் கிடந்தன. எங்கள் ஊர் ஆலயத்தில் மணியடிக்கும் என் தந்தையாரோ, பேருந்து தாழ்த்தமையால், யான் ஒப்பனை கலைத்த பின்னரே வந்து சேர்ந்தார். நிகழ்ச்சி நிரலில் எங்கள் நாடகத்தின் பெயர்தானும் இல்லை. 'கர்ட்டன் ரெய்ஸர்' என்று மட்டுமே அச்சிட்டிருந்தனர்.

அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மறுநாள் நூல்நிலையம் சென்று அகராதியைப் புரட்டினேன். 'திரை தூக்குவது' என்பது அதன் பொருள். பிரெஞ்சு வழக்கை ஆங்கிலர் தம் மொழியிற் பெயர்த்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் அரங்குகளிற் செல்வர் இராவுணவு முடித்து மெல்ல வருங்காறும், முன்வந்தோர்க்காக ஓரங்க நாடகம் ஆடுதல் வழக்கமாம். ஆகவே வெற்று நாற்காலிகள் அதற்குப் புதியன அல்ல!

ஒரு சொல்லைத் தேடப் புகுந்த எனக்கு அதன் சுற்றமும் எதிர்ப்பட்டது. 'புரோலாக்' என்பது கிரேக்கத்தில் 'முன் சொல்' எனப் பொருள்படும். அவல நாடகத்திற் பாடற் குழுவினர் புகுமுன் நிகழும் பகுதி முழுவதையும் அரிஸ்டாட்டில் இப்பெயராற் சுட்டுகின்றார். 'பிரெலூட்' என்பதன் இலத்தீன் மூலம் 'முன்னர் விளையாடுதல்'. நரம்புக் கருவி இசைப்போர், பாட்டுத் தொடங்குமுன் சுருதி ஒத்துப் பார்க்கத் தடவிய தடவலே நாளடைவில் இப்பெயருடைய இசைவகையாய் வளர்ந்தது. பாக் 1722 ஆம் ஆண்டுத் தொகுத்த நூலில், 'ஃபியூக்' ஒவ்வொன்றற்கும் முன்னே ஒரு பிரெலூடை நிறுத்தினார். ஷோபேன் 1839 இல் வெளியிட்ட 24 பிரெலூடுகளுக்கோ பின்வருவது ஒன்றுமில்லை! 'ஓவர்ச்சர்' என்பது 'திறப்பு'. உடன்பாடு நாடி முதலில் விடுக்கும் தூதுமொழிக்கும் அதுவே பெயர். பேதோவன் தம் ஒரே இசைநாடகமாகிய 'ஃபிடேலியோ'வுக்கு அத்தகைய முன்னிசை நான்கு இயற்றினார். அவற்றுள் ஒன்று இன்றும் நாடகமின்றித் தனியே இசையரங்குகளில் முழங்குகின்றது.

இவற்றை அறிந்தபோது என் மனம் ஒருவாறு ஆறியது. முன்னிகழ்வதும் தன் காலில் நிற்கவல்லதே என்று தருக்கினேன். விடுமுறையில் இவையனைத்தையும் தந்தையாரிடம் விரித்துரைத்தேன். அவர் பொறுமையாய்க் கேட்டிருந்து, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கு எவர் கோயிலுக்கு வருகிறார்? இரண்டாம் மணிக்கன்றோ எல்லாரும் வருவர்? ஆனாலும் முதல் மணியை அடியாது விட்டுப் பார், இரண்டாம் மணிக்கும் ஒருவரும் வந்திரார்" என்றார்.

யான் விடை கூறவில்லை. எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லது நூலன்று என்று நன்னூலார் கூறியதைத் தேர்வுக்கென மனனம் செய்திருந்தேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. தனித்து நிற்பதால் மட்டுமன்று, பிறிதொன்றற்கு வழிதிறந்து விலகுவதாலும் பெருமை உண்டு.

அடுத்த ஞாயிறு விடியுமுன் தந்தையாரோடு ஆலயம் சென்றேன். அங்கு ஒருவரும் இல்லை. முதல் மணியின் கயிற்றை அவர் என் கையில் தந்தார்.